குடி என்றால் வலப்பக்கம்

"குடி! குடி!"

முன்னால் போய்க்கொண்டிருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினான். முதல் ஷிப்டுக்குப் போகும் சைக்கிள் கூட்டம் நாங்கள். விடிந்தும் விடியாத நேரம். ஓசூர்ப் பனி அந்தக் காலத்தில் மாசி முடிந்தாலும் ஊரைவிட்டுப் போகாது. மூக்கு நுனி விறைத்துப் போயிருக்கும். பனிக்குள் முன்னால் போகிறவர்களின் கேரியரும் முதுகும் மட்டும்தான் தெரியும்.

நாகரசம்பட்டியிலிருந்து வேலைக்கு வந்து எனக்குச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் சாப்பாட்டுப் பை, மறுபக்கம் கழுத்தில் கயிறு கட்டிய தண்ணீர் பாட்டில். அவன் 'குடி' என்று கத்தியதும் எனக்கு மனசே குளிர்ந்துவிட்டது. யாரென்று தெரியாத ஊரில், முகம் தெரியாத ஒருத்தன், பின்னால் வருகிறவர்களுக்குத் தாகமெடுக்குமே என்று நினைத்துச் சொல்கிறானே! ஒரு கையை எடுத்துப் பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, இரண்டு மடக்குக் குடித்தேன்.

குடித்து முடிப்பதற்குள் பள்ளத்தில் கிடந்தேன். சாலையின் இடப்பக்கம் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம். எனக்கு மேலே சைக்கிள். புளிசாதம் முழுக்கச் செம்மண்ணில்.

கத்தியவன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். கை கொடுத்துத் தூக்கிவிடுவான் என்று பார்த்தால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"குடின்னு அவ்ளோ சத்தமா கத்தினேன் கதா, இல்லியா? காது கேக்கலையா உனக்கு?"

"கேட்டுச்சு. அதான் குடிச்சேன்!" என்றேன் பள்ளத்துக்குள் இருந்தபடியே.

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. தெலுங்கில் 'குடி' என்றால் வலப்பக்கம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பள்ளம் இருக்கிறது, வலப்பக்கம் ஒதுங்குங்கள் என்றுதான் அந்த மகராசன் கத்தியிருக்கிறான்.

'அவன்' என்று எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு அவன் எனக்கு அவன்தான். பெயர் வெங்கடேசு, வேலை பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகடு அடிக்கிற இரைச்சலுக்கு நடுவில். 'அவர்' ஆனது பிறகு, தாலி கட்டிய பிறகு.

நாலு மொழிக்கு இரண்டு கை

ஓசூரில் ஒருத்தர் வாயைத் திறந்தால் எந்த மொழி வரும் என்று அவருக்கே தெரியாது. வெங்கடேசு குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஓசூர்தான். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், தொழிற்சாலைக்குள் மெஷினோடு சேர்ந்து வந்த இங்கிலீஷ். அவசரம் என்று வந்துவிட்டால் மட்டும் தெலுங்குதான்.

எனக்கும் ஒரு கோளாறு உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் அவரை வா, போ என்றுதான் பேசுவேன். ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்டு, என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? கல்யாணமான பிறகு மாமியார் முன்னால் நல்ல பெயர் வாங்க வேண்டுமே என்று 'வாங்க, போங்க' ஆனது. அது அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆனால் கோபம் வந்தால் அந்த 'ங்க' எங்கே போகும் என்றே தெரியாது, கழன்று விழுந்துவிடும். 'ங்க' இல்லாமல் நான் கூப்பிட்டால் எங்கள் வீட்டில் பூனைகூட எழுந்து வெளியே போய்விடும்.

நான் பள்ளத்தில் விழுந்த அந்த வருஷக் கோடையில் எங்கள் சைக்கிள் கூட்டம் ஒரு காரியம் செய்தது. மாங்காய்க் காலம். இரண்டு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தது. எங்கள் ஊரில் மாந்தோப்பு இருக்கிறது என்று நான்தான் சும்மா இருக்க முடியாமல் பீற்றிக்கொண்டேன். "அப்போ போலாம்" என்று விட்டார்கள். கியர் என்ற சொல்லையே நாங்கள் லாரியில்தான் கேட்டிருந்தோம். பெண்களும் ஆண்களுமாகக் கிளம்பி, சூளகிரி மேட்டில் சைக்கிளைத் தள்ளி, கிருஷ்ணகிரியில் பரோட்டா தின்று, நாகரசம்பட்டி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. தோப்பில் எங்கே பார்த்தாலும் மாம்பால் வாசம்.

அத்தனை பையன்களில் என் மனசில் இருப்பவன் எவன் என்று என் அப்பா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். எப்படி என்று இன்றுவரை புரியவில்லை. மறுநாள் காலையில் வெங்கடேசுவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "தம்பிக்கு குடி கிடி உண்டா?" என்று கேட்டார்.

நம்ம ஆள் சும்மா இருந்திருக்கலாம். "குடியும் உண்டு, எடமயும் உண்டுங்க" என்றிருக்கிறார். வலமும் உண்டு, இடமும் உண்டு என்று தமாஷாம். அப்பாவுக்குத் தெலுங்கு அரைகுறை, தமாஷ் சுத்தமாக வராது. எங்கள் கல்யாணம் அடுத்த மாங்காய்க் காலம் வரை தள்ளிப்போனது அந்த ஒரு பதிலால்தான்.

படிக்கட்டுக்கு அடியில்

இதெல்லாம் ஏன் இப்போது ஞாபகம் வருகிறது என்றால், இந்த மாசியில் எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியிலிருந்து இரண்டு சைக்கிளும் வெளியே வந்தன.

காரணம் பேச்சிமுத்து. எங்கள் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கும் திருநெல்வேலிப் பையன். பையன் என்றால் அவனுக்கே பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். இந்தக் கோடை முழுக்க வேலைக்குச் சைக்கிளில்தான் வருவது, ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாக எங்கேயாவது போவது என்று ஒரு திட்டம் போட்டான். மேம்பாலத்தடி நெரிசலில் கம்பெனி பஸ் நிற்கிற நேரத்துக்குச் சைக்கிளில் போய் டீயே குடித்துவிடலாம் என்பது அவன் வாதம். கேட்டவர்கள் எல்லாம் சேர்ந்தார்கள். கேன்டீன் கணக்கைப் பார்க்கும் மஞ்சுளா, நான், வெங்கடேசு, இன்னும் சிலர். பேச்சிமுத்துதான் கேப்டன்.

கோடையின் கடைசிப் பயணம் எங்கே என்று அவன் கேட்டபோது, "நாகரசம்பட்டி" என்று வெங்கடேசு சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அப்பா போய் வெகுகாலம் ஆகிவிட்டது, தோப்பில் பாதி விற்றாகிவிட்டது. ஆனாலும் அந்தச் சாலையில் இன்னொரு முறை இந்த மனுஷனோடு சைக்கிள் ஓட்ட வேண்டும் என்ற ஆசை அந்த நிமிஷத்தில் வந்தது. வந்தது போகவே இல்லை.

சைக்கிள்களைப் பார்த்தால்தான் பயமாக இருந்தது. டயர் வெடித்து, டியூப் ஒட்டிப்போய், என் சைக்கிள் சீட்டுக்கடியில் குளவி கூடு கட்டியிருந்தது. பின் சக்கரம் சுற்றினால் இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் போய் வந்தது. கடைக்காரர் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். மற்ற வேலையெல்லாம் வீட்டு வாசலில்தான். மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது, டீசலில் துணியை நனைத்து செயினைத் துடைத்தோம். அந்த வாசனைக்கே எனக்கு வயசு குறைந்துவிட்டது.

தினமும் சாயங்காலம் தெருவுக்குள்ளேயே ஓட்டிப் பழகினோம். முதல் நாள் நான் ஏறியதும் எதிர்வீட்டுக்காரி கேட்டைப் பூட்டிக்கொண்டாள். அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

பெல் சத்தம்

ஒரு சாயங்காலம் அவர் குனிந்து என் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் புதுப் பெல்லை மாட்டிவிட்டு, அவருக்கு வலப்பக்கம் நின்று அடித்தேன். நல்ல கணீரென்ற சத்தம்.

"எப்படிங்க இருக்குது?"

பதில் இல்லை. திரும்ப அடித்தேன். இன்னும் பலமாக அடித்தேன். எதிர்வீட்டு நாய் எழுந்து பார்த்தது. இவர் எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தார்.

நான் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய் ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். உடனே நிமிர்ந்தார். "ஓ, மாட்டிட்டியா? நல்லா இருக்கு."

கொஞ்ச நாளாகவே டிவி சத்தம் ஏறிக்கொண்டே போனதும், நான் ஒன்று கேட்டால் அவர் ஒன்று சொன்னதும், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நின்றன. திமிர் என்று நினைத்து இத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன்.

"காதுல ஏதாச்சும் கோளாறாங்க?" என்றேன்.

"காது" என்றார்.

தெலுங்கில் 'காது' என்றால் 'அதெல்லாம் இல்லை' என்று அர்த்தம். இந்த மனுஷன் இல்லை என்று சொல்கிறாரா, ஆமாம் காதுதான் என்று ஒப்புக்கொள்கிறாரா? தப்பிக்க வேண்டுமென்றால் அவருக்கு இரண்டு மொழி தேவைப்படும்.

இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த காது, இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது என்றார் டாக்டர். வலது காதில் அநேகமாக ஒன்றும் இல்லை. இடது பரவாயில்லை. ஒரு மெஷின் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினால் காற்று மட்டும்தான் கேட்கிறது, லாரி காதுக்குள்ளேயே ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பேச்சிகிட்ட சொல்லாதே" என்றார். நானும் சொல்லவில்லை.

ரைட் என்றால் போகலாம்

கூட்டமாக ஓட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது என்று பேச்சிமுத்து சொன்னான். கேப்டன் கடைசியில் வருவான். எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பான். அதை ஒவ்வொருத்தரும் தனக்கு முன்னால் போகிறவருக்குச் சொல்ல வேண்டும். முன்னால் போகிறவர் கையை எந்தப் பக்கம் நீட்டுகிறாரோ அந்தப் பக்கம் எல்லோரும் திரும்ப வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது.

இதில் எந்த மொழியில் சொல்வது என்பதில்தான் வந்தது வினை. "இங்கிலீசுல சொன்னா எல்லாருக்கும் பொதுவா இருக்கும்லா" என்றான் பேச்சிமுத்து. சரி என்று தொழிற்பேட்டைக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தோம். முதல் திருப்பம் வந்ததும், "ரைட்டு!" என்று கத்தினான். ஒருத்தரும் திரும்பவில்லை. எல்லோரும் நேராக, முன்னைவிட வேகமாக மிதித்தோம். பிறந்ததிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு 'ரைட்' என்றால் போகலாம் என்றுதானே அர்த்தம்!

"நம்ம ஊர்ல சோத்தாங்கைப் பக்கம்னு சொல்லுவோம்" என்றான் அவன் தலையில் அடித்துக்கொண்டு. "அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள திருப்பம் போயிரும் பேச்சி" என்றாள் மஞ்சுளா. அவள் கன்னடத்துக்காரி. இடத்துக்கு எட, வலத்துக்குப் பல என்று இரண்டே எழுத்தில் முடித்துவிடலாம் என்பது அவள் கட்சி. வெங்கடேசு என்னைப் பார்த்து மெதுவாக, "குடின்னு வெச்சுக்கலாமா?" என்றார். நான் முறைத்தேன். கடைசியில் வலது, இடது, நில்லு என்று தமிழிலேயே முடிவானது.

பாகலூர்க் கூட்ரோடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளோட்டம் கிளம்பினோம். பாகலூர் வழியாகப் பேரிகை வரை போய்த் திரும்புவது. பின்னால் தண்ணீர் கேன்களோடு ஒரு மினி வேன்.

சாலைகள் சேரும் பாகலூர்க் கூட்ரோட்டில் பேச்சிமுத்து "நில்லு!" என்று கத்தினான். வரிசையாகச் சொல்லிச் சொல்லி அனுப்பினோம். வெங்கடேசுவுக்குப் பின்னால் வந்த மஞ்சுளாவும் சொன்னாள். எல்லோரும் நின்றோம். அவர் நிற்கவில்லை. தனியாக, நிமிர்ந்த முதுகோடு, கூட்ரோட்டின் நடுவுக்குப் போய்விட்டார். வலப்பக்கமிருந்து கல் ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. ஹாரன் அடித்தான். எந்தக் காதுப் பக்கம் அடிக்கிறான்!

லாரிக்காரன் நல்ல டிரைவர். பிரேக் போட்ட இடத்தில் புழுதி கிளம்பி அடங்கியபோதுதான் வெங்கடேசு திரும்பிப் பார்த்தார். ஒன்றுமே புரியாத அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

பேரிகையில் டீக்கடையில் நிறுத்தினோம். பேச்சிமுத்து என்னைத் தனியாகக் கூப்பிட்டான். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"யக்கா, தப்பா எடுத்துக்கிடாதீய. அண்ணாச்சி இனிமே வேன்ல வரட்டும். அவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் வெங்கடேசுவைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் மழையானாலும் பனியானாலும் சைக்கிளில் வேலைக்குப் போன மனுஷன், தண்ணீர் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே வருவதா? நாகரசம்பட்டிக்கும் அப்படித்தான் வருவதா?

"திரும்பும்போது ஒரு தடவ பாரு பேச்சி" என்றேன். "இடது காது நல்லா இருக்குது."

"சரி. அண்ணாச்சி முன்னால போகட்டும். நீங்க அவுகளுக்குப் பின்னால. நான் சொல்லுதது அவுகளுக்குப் போய்ச் சேருதான்னு பாப்போம். ஒண்ணு தப்பினாலும் வேன்தான். என்னா?"

திரும்பும்போது

வெயில் ஏறிவிட்டது. ரோஜாத் தோட்டத்து பிளாஸ்டிக் கூடாரங்கள் இரண்டு பக்கமும் கண்ணைக் கூச வைத்தன. அவர் முன்னால், நான் அவருக்கு இடப்பக்கம் கொஞ்சம் பின்னால். சாலையில் பள்ளம் வந்த இடத்தில் வலது ஒதுங்கு என்று சொல் வந்தது. சொன்னேன், ஒதுங்கினார். இன்னொரு இடத்தில் "நில்லு" என்றேன், நின்றார். என் மூச்சு அப்போதுதான் வந்தது.

ஆனால் அவர் பாட்டிலைத் தொடவே இல்லை. பேரிகையிலிருந்து ஒரு மடக்குகூடக் குடிக்கவில்லை. கையை எடுத்தால், தலையைத் திருப்பினால், ஏதாவது சொல் தப்பிவிடுமோ என்று பயம். கழுத்தெல்லாம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்து, இடது காதை எனக்குக் கொடுத்தபடியே மிதித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிங்க" என்றேன். காற்று எதிரடித்தது. "ஏங்க, குடிங்க." மிதித்துக்கொண்டே இருந்தார். மயங்கி விழுந்தால் என்ன செய்வது? வயசான காலத்தில் யாரிடம் வீம்பு? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஏறிப்போய் அவர் இடது காதருகே, கல்யாணத்துக்கு முந்தைய காலத்துக் குரலில் கத்தினேன்.

"குடி!"

அவர் முன்னும் பின்னும் ஒரு பார்வை பார்த்தார். சாலை காலியாக இருந்தது. பளிச்சென்று வலது கையை நீட்டி, வலப்பக்கம் இருந்த மண்பாதையில் திரும்பிவிட்டார்.

முன்னால் போகிறவர் கையை நீட்டினால் திரும்ப வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. மஞ்சுளா திரும்பினாள். மற்றவர்கள் திரும்பினார்கள். மொத்தக் கூட்டமும் வரிசை குலையாமல் கர்நாடக எல்லையைப் பார்த்துப் போய், ஒரு தக்காளித் தோட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கிரேட்டில் பழம் அடுக்கிக்கொண்டிருந்தவர் எழுந்து, "ஏனு பேக்கு?" என்றார், என்ன வேண்டும் என்று.

பேச்சிமுத்து மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். "நான் ஒண்ணுமே சொல்லலியே! இங்கன திரும்பச் சொன்னது யாரு?"

"சரசுதான்" என்று வெங்கடேசு என்னைக் காட்டினார். "குடின்னா. தெலுங்குல வலது."

பேச்சிமுத்து என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "இந்தக் காத்துலயா? ஒரே ஒரு தடவ சொன்னதா?" பிறகு போனை எடுத்து வேன்காரரிடம், "அண்ணாச்சிக்கு இடம் ஒதுக்க வேண்டாம், கேனையெல்லாம் நல்லாப் பரத்தி வைங்க" என்றான். "யக்கா, கோடை முடியற வரைக்கும் நீங்க அந்த இடது பக்கத்தை விட்டு நகரக் கூடாது, சொல்லிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சைக்கிளைத் தக்காளி வரப்பில் போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"தண்ணி குடின்னு அவ்ளோ சத்தமா கத்தினேன். காது கேக்கலையா உனக்கு?"

"கேட்டுச்சு" என்றார். "அதான் திரும்பினேன்."